சொல்லிக் கொடுத்த பதில்கள்

உட்காரும்மா ஜெயக்கொடி. அந்தக் கட்டிலில் உட்காரு, இனி அது உனக்குத்தான். ஜன்னலை ரொம்பத் தள்ளாதே, மில் பஞ்சு உள்ளே வந்துவிடும். வந்த புதிதில் எல்லாரும் ஜன்னலைத்தான் தள்ளுவார்கள். உன் போனைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்களா? அது இங்கே பழக்கம்தான், பயப்படாதே. ஹெச்.ஆர். ரூமில் ஒரு பச்சை அலமாரி இருக்கிறது, அதற்குள் வைப்பார்கள். போன வாரம் வரைக்கும் அதன் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இப்போது என் போனும் அதற்குள்ளேதான் கிடக்கிறது.

என் பெட்டியைப் பார்க்கிறாயா? கட்டி வைத்தாயிற்று. புது வார்டன் வந்ததும் நீங்கள் கிளம்பலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நீ வந்துவிட்டாய். இப்போது, நாளைக்கு விசாரணை முடியட்டும் என்கிறார்கள். என் மகள் பழனியில் நிறைமாதமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. வலி எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரிதான் ஆட்டோ பிடிக்க வேண்டும். மதியம் வாட்ச்மேன் சன்னாசியிடம் போய், "எதிர்த்த டீக்கடையில ஒரு போன் பேசிட்டு வந்துர்றேன்"னு கேட்டேன். "பாஸ் கொண்டாங்க டீச்சர்" என்கிறான். என்னிடம்! இத்தனை வருஷமாக அந்தப் பாஸில் கையெழுத்துப் போட்டது யார்?

இங்கே எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வசந்தகோகிலம் என்று எனக்கொரு பேர் இருப்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழும் சமூக அறிவியலும் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வீட்டுக்காரரும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். மில் ஹாஸ்டலில் தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்றார்கள், வந்துவிட்டேன்.

என்ன விசாரணை என்றுதானே கேட்டாய்? சொல்கிறேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்தப் பிள்ளைகள் இனி உன் பொறுப்பு.

நம் நூலை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள் இல்லையா, அவர்கள் அவ்வப்போது ஆள் அனுப்புவார்கள். ஆடிட் என்று பேர். கணக்குப் பார்க்கிற ஆடிட் இல்லை. பிள்ளைகளை நாம் ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்க்கிற ஆடிட். சென்னையிலிருந்து ஒரு மேடம் வருவார். நல்ல மேடம், எப்போதும் கைத்தறிப் புடவை. கூட ஒரு வெள்ளைக்காரி. பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் முன்கூட்டியே பழக்கி வைக்க வேண்டும். அது என் வேலை. இனி உன் வேலை.

ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நடுவில் ஒரு நாற்காலி போடுவேன். நான்தான் மேடம். பிள்ளைகள் எதிரே வந்து நிற்பார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?"

"எட்டு மணி நேரம், மேடம்."

"அதற்கு மேல் பார்த்தால்?"

"எங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், மேடம். இரண்டு மடங்கு சம்பளம்."

"லீவு நாளில் வெளியே போகலாமா?"

"போகலாம், மேடம். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

"உடம்பு சரியில்லை என்றால்?"

"வேலைக்குப் போக வேண்டாம், மேடம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்."

"யாராவது கையை நீட்டினால்?"

"கமிட்டி இருக்கிறது, மேடம். புகார் சொல்வோம்."

கமிட்டி என்பது ஒரு போர்டு. என் போட்டோவும் அதில் இருக்கிறது. ஆடிட் அன்றைக்கு ஹாலில் மாட்டுவோம். மறுநாள் கழற்றி ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவோம், தூசி படியாமல் இருக்க வேண்டுமே.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பன்னிரண்டு மணி நேரம் வேலை நடக்கிறது, எனக்குத் தெரியாதா? அந்த மேடத்துக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆர்டர் நின்றுபோனால் இந்தப் பிள்ளைகள் எங்கே போகும்? அதை யாராவது யோசிக்கிறார்களா? நான் யோசித்தேன். அதனால்தான் சிரத்தையாகச் செய்தேன்.

எனக்கு முன்னால் இருந்த வார்டன் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைப்பாளாம். வரிசை மாற்றிக் கேட்டால் எல்லாம் குழம்பிப்போய், 'எத்தனை மணி நேரம்' என்றதற்கு 'யாரையும் கேட்க வேண்டியதில்லை' என்று ஒருத்தி சொல்லி மானம் போயிற்றாம். நான் அப்படி விடவில்லை. அர்த்தம் தெரிந்து சொல்ல வேண்டும் என்பது என் முறை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஓவர்டைம் என்றால் என்ன, ஏன் இரண்டு மடங்கு, எட்டு மணி நேரம் என்று ஏன் வந்தது, எத்தனை பேர் அதற்காக அடிபட்டார்கள், எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். சமூக அறிவியல் எடுத்தவள் இல்லையா.

"அப்ப நாம மாட்டேன்னு சொல்லலாமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்பாள்.

"சொல்லலாம். சட்டத்துல இருக்கு."

"அப்ப ஏன் நாம..."

"பதிலை மட்டும் படிடி."

இப்படித்தான் போகும்.

நாகஜோதி என்று ஒருத்தி. கமுதிப் பக்கம். அப்பன் கரிமூட்டம் போடுகிறவன். வந்தபோது தலையே நிமிராது. பேரைக் கேட்டால் நெஞ்சுக்குள் சொல்லுவாள். "உன் பேரை எனக்குச் சொல்றியா, உன் பித்தானுக்குச் சொல்றியா?" என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். அவளும் சிரிப்பாள், அதுவும் பித்தானைப் பார்த்துத்தான்.

இவளைத் தேற்றிக்காட்டுகிறேன் என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. தாடையைப் பிடித்து நிமிர்த்துவேன். "கண்ணைப் பார்த்துச் சொல்லு. எச்சில் முழுங்காதே, பொய் சொல்றவதான் முழுங்குவா. நீ சொல்றதை முதல்ல நீ நம்பணும். நீயே நம்பலைன்னா கேக்கறவங்க எப்படிடி நம்புவாங்க?" இதுதான் என் பாடம். இதை எந்தப் பேப்பரிலும் எழுதிக் கொடுக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

அவள் பிடித்துக்கொண்டாள். அவளும் அழகுமீனாவும் ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்து ஊர். ரிங் பிரேம் மெஷினில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே ஒருத்தி கேட்பாளாம், ஒருத்தி சொல்வாளாம். அந்தச் சத்தத்தில் வாயசைப்பு மட்டும்தான் தெரியும். மேஸ்திரி என்னிடம் வந்து, "என்ன டீச்சர், ரெண்டும் மந்திரம் ஓதுதுக?" என்று கேட்டான்.

போன தை மாசம் ஆடிட். நாகஜோதி சொன்னாளே பதில்! எனக்கே ஒரு நிமிஷம், இந்த மில்லில் எட்டு மணி நேரம்தான் வேலையோ என்று தோன்றிவிட்டது. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு தெளிவாப் பேசறியே, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். ஹெச்.ஆர். சார் முகத்தில் ரத்தம் இல்லை. நாகஜோதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். "நான்தான் மேடம். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரணும்னு சாயங்காலம் பேச்சுப் பயிற்சி கொடுக்கறேன்" என்றேன். அந்த வெள்ளைக்காரி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், ஜெயக்கொடி. பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதோ, அதுதான். நாகஜோதிக்கு ஒரு டிபன் பாக்ஸ். அதற்கப்புறம் மில்லுக்கு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். முதலாளி மருமகள் வந்தபோது, பேங்க்காரர்கள் வந்தபோது. எல்லாரும் கடைசியில் அதையே கேட்பார்கள், "யார் சொல்லிக் கொடுத்தது?" நான் எழுந்து, "நான்தான்" என்பேன். வாய்க்கு அது பழகிவிட்டது. அதுதான் இப்போது தொல்லை.

இரு, காலை மடக்கிக்கொள்கிறேன். மரத்துப்போகிறது.

அழகுமீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் மாத்திரை கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல் விடவில்லை. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது என்றாள். மேஸ்திரி ஆள் இல்லை என்று ஷிப்டுக்கு இழுத்தான், அவனுக்கு அவன் பாடு. மாசம் ஒரு தடவை சகாயராணி என்று ஒரு கிராம நர்ஸ் ஸ்கூட்டியில் வந்து சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். அவள் அழகுமீனாவின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கண்ணு மஞ்சளா இருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றாள். நான் ஹெச்.ஆர். சாரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்று அவர் சொன்ன பிறகு நான் என்ன செய்ய முடியும்?

அன்று சாயங்காலம் நாகஜோதி இந்த வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு இருக்குல்ல?"

"எங்கடி இருக்கு?"

"பதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி பைத்தியமே, அது பதில்டி."

"ஆமா டீச்சர். பதில்தான்" என்றாள். சிரிக்கவில்லை. "நீங்க கமிட்டியில இருக்கீங்கள்ல. நான் புகார் சொல்றேன். எழுதிக்கங்க."

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். எச்சில் முழுங்கவில்லை. போய்ப் படு என்று அனுப்பிவிட்டேன். வேறென்ன செய்வேன்? கமிட்டி ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருக்கிறேன், சன்னாசி ஓடி வருகிறான். "டீச்சர், கேட்டுக்கு வாங்க, ஒங்க பிள்ளைக அழிச்சாட்டியம் பண்ணுதுக."

போய்ப் பார்த்தால், நாகஜோதி ஆடிட்டுக்கு என்று கொடுத்த சீருடையைப் போட்டிருக்கிறாள். சுத்தமாக இஸ்திரி போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, தலை படிய வாரி. தோளில் அழகுமீனா சாய்ந்து கிடக்கிறாள், முகமெல்லாம் மஞ்சள். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். நான் பார்க்கப் பார்க்க மாடியிலிருந்து இன்னும் இறங்கி வருகிறார்கள். எல்லாரும் ஆடிட் சீருடை.

"பாஸ் எங்கம்மா?" என்கிறான் சன்னாசி.

"லீவு நாள்ல வெளிய போகலாம்ணே. யாரையும் கேட்க வேண்டியதில்லை."

"யாரு சொன்னா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சத்தம் போட்டேன், "உள்ள போங்கடி, மானத்தை வாங்காதீங்க" என்று. ஒருத்தியும் நகரவில்லை. அதற்குள் ஹெச்.ஆர். சார் கார் வந்துவிட்டது. இறங்கினவருக்கு வந்த கோபத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்.

"என்னமோ வேலை செஞ்சு கிழிச்சவ மாதிரி வந்து நிக்கிற? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்டி வேலை பார்க்கிற நீ?"

கேட்டதுதான் தாமதம். நிற்கிற அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில், "எட்டு மணி நேரம், சார்!"

பழக்கம், ஜெயக்கொடி. வேண்டுமென்று சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி வந்தால் பதில் வரும்படி நான்தானே பழக்கியிருந்தேன். சொன்ன பிறகு அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னாசி சிரித்துவிட்டான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். ஹெச்.ஆர். சார் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.

அப்போது நாகஜோதி திரும்பி அவர்களைப் பார்த்து நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேனே, அந்தக் குரலில், அதே இழுப்பில் கேட்டாள். "லீவு நாளில் வெளியே போகலாமா?"

"போகலாம், மேடம்! யாரையும் கேட்க வேண்டியதில்லை!"

"உடம்பு சரியில்லை என்றால்?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், மேடம்!"

கேட்டுக்கு வெளியே டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். டீக்கடைக்காரன் கிளாஸோடு ரோட்டுக்கு வந்துவிட்டான். ஒரு ஆள் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். திரும்பத் திரும்ப அதே கேள்வி, அதே பதில். எத்தனை தடவை என்று தெரியாது. கடைசியில் சன்னாசி, யார் சொல்லித் திறந்தான் என்று இதுவரைக்கும் சொல்லவில்லை, சின்னக் கதவைத் திறந்துவிட்டான். ஒவ்வொருத்தியாகக் குனிந்து வெளியே போனார்கள். கடைசிப் பிள்ளை செருப்பில்லாமல் போகிறதே என்று செருப்பை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்றார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றும் டாக்டர் சொன்னார். இப்போது தேறிவருகிறாளாம். மற்ற பிள்ளைகள் மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழம் வாங்கித் தின்றார்கள். ரோட்டைப் பார்த்தார்கள். பிறகு எங்கே போவார்கள்? துணிமணி, பாக்கிச் சம்பளம், எல்லாம் இங்கேதானே. இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். நானும்தான். நாங்கள் உள்ளே வந்ததும் கேட்டைப் பூட்டினார்கள். அன்றிலிருந்து யாருக்கும் பாஸ் இல்லை.

நாகஜோதி மட்டும் வரவில்லை. அழகுமீனா பக்கத்திலேயே இருந்துவிட்டாள். நாங்கள் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொழிலாளர் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி அங்கேயே வந்து அவளிடம் எழுதி வாங்கினார். நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்து, "யாரும் இல்லை சார்" என்றாள்.

பொய். எனக்குத் தெரியாதா? அவ்வளவு சுத்தமாக அவள் சொன்னால் அது பொய்தான். நான் பழக்கின பொய். யாரையோ காப்பாற்றுகிறாள். யாரை என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். கட்சிக்காரன் எவனும் உள்ளே வந்ததில்லை. பேப்பர் வருவதில்லை. டி.வி. என் ரூமில்தான், அதிலும் சீரியல்தான் ஓடும். பிறகு எங்கிருந்து வந்தது அந்தப் பிள்ளைக்கு? தன் பேரைச் சொல்லவே வாய் வராத பிள்ளை!

ஹெச்.ஆர். சார்தான் வழி சொன்னார். சகாயராணி. வெளியிலிருந்து வந்துபோகிற ஒரே ஆள் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று முதலில் சொன்னதும் அவள்தான். நாளைக்கு அதிகாரி இங்கே வருகிறார். என்னைக் கூப்பிடுவார். நர்ஸ்தான் பிள்ளைகளைத் தூண்டிவிட்டாள், என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சாயங்காலமே பஸ் ஏறலாம். சொல்லாவிட்டால், "அப்ப நீங்கதான் தூண்டிவிட்டீங்கன்னு எழுத வேண்டியிருக்கும், போலீஸ் பார்த்துக்கும்" என்கிறார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

சகாயராணிக்கு ஒன்றும் ஆகாது. அரசாங்க வேலை. மிஞ்சிப்போனால் எங்காவது மாற்றுவார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, கொஞ்சம் சிரமம்தான். என் மகளுக்கு யார் இருக்கிறார்கள் சொல்?

ஆனால் பார், இதில் ஒரு சிக்கல். நேற்று ஹெச்.ஆர். சார் என்னை எதிரே நிற்க வைத்துக்கொண்டு, "நான்தான் அதிகாரி, பதில் சொல்லுங்க டீச்சர்" என்றார். எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியில், "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"நான்தான் சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தனை தடவை எழுந்து நின்று சொன்ன வாய். "விளையாடறீங்களா?" என்று மேஜையைத் தட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி அதுவே வந்தது. மூன்றாவது தடவை நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்போது அவர் சொல்கிறார், "எச்சில் முழுங்காதீங்க டீச்சர். கண்ணைப் பாருங்க. நம்பிச் சொல்லுங்க." என் பாடத்தை எனக்கே! புது வார்டன் வந்ததும் அவளைக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதனால்தான் உன்னை உட்காரச் சொன்னேன்.

இரு. கீழே ஹாலில் சத்தம் கேட்கிறதா? ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார்கள். இரண்டு நாளாக இதுதான். பெஞ்சை ஒதுக்கி, நாற்காலி போட்டு, ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாள். மற்றவர்கள் சொல்கிறார்கள். யாரும் சொல்லி நடப்பதில்லை. கேள், கேள்.

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை?'

'பன்னிரண்டு மணி நேரம், மேடம்.'

கேட்டாயா? கேள்வி என்னுடையதுதான். பதிலை மாற்றிவிட்டார்கள். நாளைக்கு அதிகாரி வருகிறார் அல்லவா, அதற்குப் பழகுகிறார்கள். போய் நிறுத்தலாம்தான். ஆனால் போய் எங்கே உட்கார? நாற்காலி காலியாக இல்லை. நன்றாகத்தான் சொல்கிறார்கள். திக்கல் இல்லை, திணறல் இல்லை. ஒருத்திகூட எச்சில் முழுங்கவில்லை, கவனி.

சரி, நம் வேலையைப் பார்ப்போம். நீதான் அதிகாரி. கட்டிலிலேயே இரு, நான் நிற்கிறேன். முதலில் இருந்தெல்லாம் வேண்டாம், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேளு. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேளு. கொஞ்சம் அதட்டிக் கேளு, அதிகாரி மாதிரி.

நான்...

இரு, இரு. இது கணக்கில் இல்லை. தொண்டை காய்ந்துவிட்டது. அந்தச் சொம்பை எடு.

ம். கேளு.

நா...

ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்? என்னைப் பாரு, ஜெயக்கொடி. கண்ணைப் பார்த்துக் கேட்டால்தானே எனக்கு வரும். இன்னொரு தடவை கேளு.